அமெரிக்க அதிபர் தேர்தலை நேரில் பார்க்க: வெளியூர்க்காரருக்கு ஒரு வழிகாட்டி

முதல் முறை போனபோது நவம்பர் முதல் வாரத்துக்கு டிக்கெட் எடுத்து நியூயார்க்கில் இறங்கினேன். தேர்தல் நடக்கிற ஊர் மாதிரியே தெரியவில்லை. சுவரொட்டி இல்லை, ஒலிபெருக்கி இல்லை, எந்த வேட்பாளரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவும் இல்லை. மூன்றாம் நாள் ரயிலேறி ஒன்றரை மணி நேரத்தில் பிலடெல்பியா போனேன். ஓட்டல் அறையில் டிவியைப் போட்டால் ஒரு விளம்பர இடைவேளையில் நாலு தேர்தல் விளம்பரம். வீட்டு வாசல் புல்வெளிகளில் வேட்பாளர் பெயர்ப் பலகைகள். காபி வாங்க நின்ற இடத்தில் ஒரு பெண் துண்டுப் பிரசுரத்தை நீட்டி, "ஓட்டுப் போட்டாச்சா?" என்றார்.

நியூயார்க்கில் யார் ஜெயிப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும், பென்சில்வேனியாவில் தெரியாது. வித்தியாசம் அவ்வளவுதான். அமெரிக்கத் தேர்தலை நேரில் பார்க்கப் புறப்படுகிறவர் முதலில் இதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அது நாடு முழுக்க நடக்கிற திருவிழா இல்லை. சில மாநிலங்களில், அதிலும் சில மாவட்டங்களில், சில மாதங்களில் நடக்கிற விஷயம். இடமும் காலமும் தப்பினால் காசு போனதுதான் மிச்சம்.

எங்கே போவது

அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. மக்கள் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுப்பவர்கள் தேர்வாளர்கள். மாநிலங்களுக்குப் பங்கிட்ட 538 தேர்வாளர் வாக்குகளில் 270 பெறுபவர் அதிபர். மேய்ன், நெப்ராஸ்கா இரண்டையும் தவிர மற்ற மாநிலங்களில் ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கியவருக்கே அந்த மாநிலத்தின் மொத்தமும் போய்விடும். கலிபோர்னியாவின் 54-ம் ஒரு கட்சிக்கு என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் அங்கே போய்ப் பேசி என்ன பயன்? நிதி திரட்டும் விருந்துக்கு மட்டும் போவார்கள். 2016-ல் விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்து சுமார் 78,000 வாக்குகள்தான் முடிவைத் தீர்மானித்தன. 2000-ல் புளோரிடாவில் வித்தியாசம் வெறும் 537.

2024-ல் இழுபறி மாநிலங்கள் ஏழு: பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின், ஜார்ஜியா, வட கரோலினா, அரிசோனா, நெவாடா. அடுத்த தேர்தல் 2028 நவம்பர் 7. அதற்குள் இந்தப் பட்டியலில் ஒன்றிரண்டு மாறலாம், ஆனால் பென்சில்வேனியா இருக்கும் என்று நான் துணிந்து சொல்வேன். காரில்லாமல் போகிறவருக்கும் அதுவே வசதி: நியூயார்க்கிலிருந்து பிலடெல்பியாவுக்கு நாள் முழுக்க ரயில் உண்டு. இன்னொரு வழி, சிகாகோவில் இறங்கி ஒன்றரை மணி நேர ரயிலில் மில்வாக்கி. மற்ற இடங்களில் கார் இல்லாமல் சுற்றுவது கஷ்டம். நம் ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்துப் போவது நல்லது.

எப்போது போவது

பார்க்கத் தகுந்த பருவங்கள் இரண்டு. ஒன்று இலையுதிர் காலம், அதாவது செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை. அப்போது இரண்டு வேட்பாளர்களும் பெரிய அரங்குகளில் பெரிய கூட்டம் நடத்துவார்கள். இன்னொன்று அதற்கு முந்தைய குளிர்காலம். ஒரே கட்சிக்குள் ஏழெட்டுப் பேர் மோதிக்கொண்டு, சின்ன ஊர்களில் கை குலுக்கித் திரிகிற பிரைமரி காலம். கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்று மாநிலம் மாநிலமாக ஓட்டுப் போட்டு முடிவு செய்வதுதான் பிரைமரி. ஒரு முறைதான் போக முடியும் என்றால் குளிர்காலத்தில் போங்கள். நவம்பரில் வேட்பாளரை 200 அடி தூரத்திலிருந்து பார்ப்பீர்கள். ஜனவரியில் அவர் உங்கள் மேல் இடித்துக்கொண்டு போவார்.

ஒரு எச்சரிக்கை. பிரைமரித் தேதிகள் கடைசி வரை இழுபடும். நாட்டிலேயே முதல் பிரைமரி தங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று நியூ ஹாம்ப்ஷயர் சட்டமே போட்டு வைத்திருக்கிறது. வேறு மாநிலம் முந்தப் பார்த்தால் இவர்கள் இன்னும் முன்னால் தள்ளி வைப்பார்கள். 2024 ஜனவரி 23 என்ற தேதியை 2023 நவம்பரில்தான் அறிவித்தார்கள். பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிட்டுக் கையைப் பிசையாதீர்கள்.

கட்சி மாநாடுகளை மறந்துவிடுங்கள். 2024-ல் மில்வாக்கியிலும் சிகாகோவிலும் நடந்தன, அனுமதி அட்டை இல்லாதவருக்கு உள்ளே இடமில்லை. நேரடி விவாதமும் அப்படியே. அந்த ஆண்டு பிலடெல்பியாவில் நடந்த விவாதத்தில் பார்வையாளர்களே கிடையாது. விவாத இரவில் ஏதாவது ஒரு மதுக்கடையில் பெரிய திரை முன்னால் உட்கார்ந்துவிடுங்கள். குடிக்காதவருக்கும் அங்கே இடம் உண்டு, எலுமிச்சைச் சோடா கிடைக்கும்.

விசா, குடியேற்ற வரிசை

சும்மா பார்க்கப் போகிறவருக்குச் சுற்றுலா விசா போதும். பத்திரிகைக்கோ சேனலுக்கோ செய்தி சேகரிக்கப் போகிறவர் ‘ஐ’ வகை விசா எடுக்க வேண்டும். சுற்றுலா விசாவில் போய் மைக்கை நீட்டுவது வம்பு. குடியேற்ற அதிகாரி கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்: ஊர் பார்க்க வந்தேன், தேர்தல் கூட்டங்களையும் பார்ப்பேன். "பிரசாரத்தில் வேலை செய்ய வந்தேன்" என்று ஆர்வத்தில் உளறிவிட்டால் அடுத்த அறையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

பணப்பையைத் திறக்காதீர்கள்

எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. அமெரிக்கக் குடிமகனோ கிரீன் கார்டு வைத்திருப்பவரோ அல்லாத யாரும் அந்த நாட்டுத் தேர்தலுக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. கூட்டாட்சிச் சட்டம் தெளிவாகவே தடுக்கிறது. அதிபர் தேர்தல் மட்டுமல்ல, ஊராட்சித் தேர்தல் வரை இதே விதி.

பலருக்குத் தெரியாத ஒன்று: வேட்பாளரின் அதிகாரபூர்வக் கடையில் தொப்பியோ டி-ஷர்ட்டோ வாங்கினால் அதுவும் நன்கொடைக் கணக்கில்தான் சேரும். தள்ளுபடியெல்லாம் கிடையாது, கொடுத்த முழுத் தொகையும் நன்கொடை. நினைவுப் பொருள் வேண்டுமென்றால் கூட்டத்துக்கு வெளியே மேசை போட்டு விற்கிற தனி வியாபாரிகளிடம் வாங்குங்கள். அவர்களில் பலர் ஊர் ஊராகக் கூட்டத்தின் பின்னாலேயே வண்டியில் போகிறவர்கள். காசு அவர்கள் பைக்குப் போகிறது, வேட்பாளருக்கு அல்ல. சந்தேகமாக இருந்தால், "இது கட்சிக் கடையா, உங்கள் சொந்தக் கடையா?" என்று கேட்டுவிடுங்கள், சொல்வார்கள்.

அடுத்தது கையெழுத்து. கூட்ட வரிசையில் அட்டையும் பேனாவுமாக ஒருவர் வந்து, வாக்காளராகப் பதிவு செய்துவிட்டீர்களா என்று புன்னகையோடு கேட்பார். நீங்கள் குடிமகனா இல்லையா என்று உங்கள் முகத்தைப் பார்த்து அவரால் கண்டுபிடிக்க முடியாது. "நான் இந்த நாட்டுக்காரன் இல்லை" என்று உடனே சொல்லிவிடுங்கள். விளையாட்டாக நிரப்பிய படிவம் பின்னாளில் விசாவுக்கே உலை வைக்கும். மனுக்களிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

நியூ ஹாம்ப்ஷயர்: இங்கேதான் நிதானமாக இருக்க வேண்டும்

பாஸ்டன் விமான நிலையத்தில் இறங்கி, பஸ்ஸிலோ வாடகைக் காரிலோ வடக்கே போனால் சுமார் 85 கிலோமீட்டரில் மான்செஸ்டர். பிரைமரி வாரத்தில் அங்கே ஓட்டல் அறை கிடைப்பது குதிரைக் கொம்பு. உலகப் பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் முன்பே பிடித்து வைத்திருப்பார்கள். நாஷுவாவிலோ காங்கார்டிலோ தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் எல்லைக்கு இந்தப் பக்கம் மாசசூசெட்ஸில் தங்கிக்கொண்டு தினமும் போய் வரலாம்.

சுமார் 14 லட்சம் பேர் கொண்ட சின்ன மாநிலம். ஆனால் சட்டமன்றக் கீழவையில் 400 உறுப்பினர்கள். தெருவுக்குத் தெரு அரசியல்வாதி இருக்கிற ஊர் என்றே சொல்லலாம். 1,000 டாலர் கட்டணம் கட்டினால் யாரும் பிரைமரி வாக்குச்சீட்டில் பெயர் போட்டுக்கொள்ளலாம். அதனால் வேடிக்கை வேட்பாளர்களும் உண்டு. தலையில் பூட்ஸைக் கவிழ்த்துக்கொண்டு திரியும் வெர்மின் சுப்ரீம் அவர்களில் பேர் பெற்றவர். எந்தக் கட்சியிலும் பதியாத வாக்காளர் எந்தக் கட்சிப் பிரைமரியிலும் ஓட்டுப் போடலாம். அதனால் வேட்பாளர் யாரையும் ‘இவர் நம்ம ஆள் இல்லை’ என்று ஒதுக்க முடியாது.

கூட்டங்களைக் கண்டுபிடிக்க, ஒவ்வொரு வேட்பாளரின் தளத்திலும் நிகழ்ச்சிப் பக்கம் இருக்கும். உள்ளூர்ச் செய்தித்தாள்களும் டிவி நிலையங்களும் தினசரிப் பட்டியல் போடும். ‘டவுன் ஹால்’ (கேள்வி பதில் கூட்டம்), ‘மீட் அண்ட் கிரீட்’ (கை குலுக்கும் சந்திப்பு), ‘ஹவுஸ் பார்ட்டி’ என்ற மூன்று சொற்களைத் தேடுங்கள். கடைசியது ஒருவர் வீட்டுக் கூடத்திலேயே நடப்பது. அதற்கு மட்டும் முன்கூட்டி எழுதிக் கேட்க வேண்டும்.

நான் போன ஒரு டவுன் ஹால், பள்ளிக்கூட உணவுக் கூடத்தில். மடக்கு நாற்காலிகள் 150 இருக்கும். பின்பக்க மேசையில் காபி, தரையெல்லாம் பனி ஒட்டிய பூட்ஸ் தடம். மேடை கிடையாது, ஒரு கொடியும் ஒரு உயர நாற்காலியும் மட்டும். சொன்ன நேரத்துக்கு இருபது நிமிடம் தாமதமாக வந்த வேட்பாளர் அரை மணி பேசினார். பிறகு கேள்வி நேரம். எனக்கு முன்வரிசையில் இருந்த மூதாட்டி எழுந்து, இந்தக் குளிர்காலத்தில் வீட்டை சூடாக்க எண்ணெய்க்கு எவ்வளவு ஆனது என்று மாதவாரியாகப் படித்தார். கையில் பில்களே இருந்தன. வேட்பாளர் எரிசக்திக் கொள்கை பற்றி ஆரம்பித்ததும், "அது சரி, ஜனவரி பில்லுக்கு என்ன செய்வீர்கள்?" என்று குறுக்கே கேட்டுவிட்டார். கூட்டம் சிரித்தது, வேட்பாளரும் சிரித்தார், பதில் மட்டும் வரவில்லை.

அடுத்த நாள் வேறு ஊரில் அதே வேட்பாளரைப் பார்க்கப் போனேன். நீங்களும் கட்டாயம் இப்படி இரண்டு தரம் போங்கள். அதே பேச்சு, அதே இடத்தில் அதே ஜோக், அதே இடத்தில் தொண்டை கரகரப்பது. எண்ணெய் பற்றி மட்டும் ஒரு வாக்கியம் புதிதாக முளைத்திருந்தது.

இப்படிச் சின்ன அறைகளில் வேட்பாளருக்கு ஒளிய இடமில்லை. 2016-ல் ஹானோவரில் குடியரசுக் கட்சியின் ஜெப் புஷ் ஆவேசமாகப் பேசி நிறுத்த, கூட்டம் மௌனமாக இருக்க, "தயவுசெய்து கைதட்டுங்கள்" என்று அவரே கேட்க வேண்டியதாயிற்று. 2008-ல் போர்ட்ஸ்மத் காபிக் கடையில் ஒரு பெண் சாதாரணமாகக் கேட்ட கேள்விக்கு ஹிலாரி கிளின்டன் கண் கலங்கினார். மறுநாள் பிரைமரியில் ஒபாமாவை ஜெயித்தார்.

சில நாசூக்குகள். கேள்வி நேரத்தில் கை தூக்காதீர்கள். அது ஓட்டு உள்ளவர்களின் நேரம். கூட்டம் முடிந்து வரிசையாக நின்று கை குலுக்கும்போது நீங்களும் நிற்கலாம், படம் எடுத்துக்கொள்ளலாம், யாரும் தடுப்பதில்லை. பக்கத்து நாற்காலிக்காரரிடம் "யாருக்கு ஓட்டு?" என்று எடுத்த எடுப்பில் கேட்பது அங்கே அநாகரிகம். "எனக்கு இங்கே ஓட்டு கிடையாது, வெளிநாட்டிலிருந்து பார்க்க வந்தேன், நான் யாரையெல்லாம் பார்க்க வேண்டும்?" என்று கேளுங்கள். அப்புறம் அவரை நிறுத்துவதுதான் கஷ்டம். மான்செஸ்டரில் 1922 முதல் ரெட் ஆரோ டைனர் என்ற சாப்பாட்டுக் கடை இருக்கிறது. வேட்பாளர்கள் வந்து போகிற இடம். காலை ஏழு மணிக்குக் கவுன்டரில் உட்கார்ந்தால் முட்டையோடு அரசியலும் கிடைக்கும்.

டிக்ஸ்வில் நாட்ச் பற்றிப் படித்திருப்பீர்கள். 1960 முதல் நள்ளிரவிலேயே ஓட்டுப் போட்டு எண்ணி முடித்துவிடும் குக்கிராமம். 2024-ல் வாக்காளர் ஆறு பேர், ஆறும் டிரம்பை எதிர்த்து நின்ற நிக்கி ஹேலிக்கு. கனடா எல்லைப் பக்கம், பனியில் நெடுந்தூரம் ஓட்டிக்கொண்டு போனால் வாக்காளரைவிடக் கேமராக்காரர்தான் அதிகம். நான் போகமாட்டேன். அதற்குப் பதில் பிரைமரி அன்று ஏதாவது ஒரு சிற்றூரின் ஊர் மண்டபத்துக்குப் போங்கள். அந்த மாநிலத்தில் வாக்கு எண்ணிக்கை பொதுமக்கள் முன்னிலையில்தான் நடக்க வேண்டும். கையால் எண்ணுகிற ஊர்கள் இன்னும் உண்டு. தடுப்புக்கு வெளியே நின்று, மளிகைக்கடைக்காரரும் பள்ளி ஆசிரியையும் சீட்டுகளைப் பத்துப் பத்தாக அடுக்குவதைப் பார்க்கலாம்.

அயோவா: ஆகஸ்டில்

அயோவாவின் காக்கஸ், அதாவது கட்சிக்காரர்கள் ஊர் ஊராகக் கூடி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம், 1972 முதல் புகழ் பெற்றது. ஆனால் ஜனவரியில் போவதை நான் சிபாரிசு செய்யவில்லை. 2024 ஜனவரி 15 அன்று மைனஸ் 20 டிகிரி அளவுக்குக் குளிர். அதற்கு முன்பு அடித்த பனிப்புயலில் வேட்பாளர்களே கூட்டங்களை ரத்து செய்தார்கள். ஜனநாயகக் கட்சி வேறு எந்த மாநிலம் முதலில் என்கிற தன் வரிசையை மாற்றி, 2024-ல் தென் கரோலினாவை முன்னால் வைத்துவிட்டது. அப்படியும் காக்கஸ் பார்க்கத்தான் வேண்டும் என்றால் அந்த மாவட்டக் கட்சி அலுவலகத்துக்கு எழுதி, பார்வையாளராக உட்காரலாமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அதைவிடத் தேர்தலுக்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டில் டெமாய்ன் நகரில் நடக்கும் மாநிலக் கண்காட்சி ஆயிரம் மடங்கு மேல். 2028 தேர்தலுக்கு அது 2027-ல். வெண்ணெயில் செய்த ஆளுயரப் பசு, குச்சியில் குத்திய பன்றி இறைச்சி, நடுவே அதிபராக ஆசைப்படுகிறவர்கள். வைக்கோல் கட்டுகளின் மேல் ஜனங்கள் உட்கார்ந்திருக்க, வேட்பாளர் எழுந்து நின்று பேசுவார். 2011-ல் மிட் ரோம்னி அங்கே குறுக்குக் கேள்வி கேட்டவர்களிடம், நிறுவனங்களும் மனிதர்கள்தாம் என்று சொல்லி மாட்டிக்கொண்டார்.

பெரிய கூட்டத்துக்குப் போகிறவருக்கு

நுழைவு இலவசம். ஆனால் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும், அதற்குக் கைபேசி எண் கேட்பார்கள். அன்றிலிருந்து ஆரம்பிக்கும் குறுஞ்செய்தி மழை: இன்றிரவுக்குள் 15 டாலர் அனுப்பாவிட்டால் நாடே கவிழ்ந்துவிடும் என்கிற மாதிரி. தற்காலிக அமெரிக்க சிம் எண்ணைக் கொடுங்கள். ‘ஸ்டாப்’ என்று பதில் போட்டால் ஒரு எண்ணிலிருந்து நிற்கும், மறுநாள் வேறு எண்ணிலிருந்து வரும்.

பதிவுச் சீட்டு இருந்தால் இடம் நிச்சயம் என்று நினைக்காதீர்கள். முதலில் வருகிறவருக்கே இடம். கதவு திறப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே போய் நில்லுங்கள். முதுகுப்பை, குடை, மடிக்கணினி, செல்ஃபிக் குச்சி எதுவும் கொண்டுபோகாதீர்கள். அவற்றை வைக்க அங்கே இடமும் இருக்காது. ரகசியச் சேவைப் படையின் சோதனை வளையத்தைத் தாண்ட வேண்டும். 2024 ஜூலை 13 அன்று பென்சில்வேனியாவின் பட்லரில் டிரம்ப் மீது துப்பாக்கிச்சூடு நடந்த பிறகு கெடுபிடி இன்னும் கூடியிருக்கிறது. உள்ளே போய்விட்டால் வெளியே வந்து திரும்ப நுழைய முடியாது. கழிப்பறை, சாப்பாடு எல்லாம் முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

என் அனுபவத்தில் கூட்டத்தைவிட வரிசைதான் சுவாரசியம். மூன்று மணி நேரம் ஒரே ஆட்கள் பக்கத்தில். மடக்கு நாற்காலி கொண்டுவந்திருப்பார்கள், சிப்ஸ் பாக்கெட் கை மாறும். 2024-ல் அப்படி ஒரு வரிசையில் நான் தமிழ்நாடு என்றதும் ஒரு பெரியவர், "கமலா ஹாரிஸின் தாத்தா ஊர் உங்களுக்குப் பக்கமா?" என்று கேட்டார். திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரம், எங்கள் ஊரிலிருந்து ரொம்ப தூரம் என்றேன். கோவிலில் பூஜை நடந்ததை டிவியில் பார்த்தாராம். ஊர்ப் பெயரைச் சொல்லிக் கொடுக்கச் சொல்லி நாலு தரம் முயன்றார், ‘துளசி’யைத் தாண்டவில்லை.

மேடைக்குப் பின்னால் ஆள் நிறுத்தக் கூப்பிட்டால் போகாதீர்கள். முடியும் வரை அங்கேயேதான் நிற்க வேண்டும், உங்கள் முகம் டிவியில் வேறு வரும்.

வீடு வீடாகப் போகிறவர்களோடு

தன்னார்வலரோடு ஒரு பிற்பகல் நடந்து பாருங்கள். சம்பளம் வாங்காத உதவிக்கு வெளிநாட்டவருக்கும் தேர்தல் நிதிச் சட்டத்தில் தடையில்லை, எதிலும் முடிவெடுக்கும் இடத்தில் மட்டும் இருக்கக் கூடாது. ஆனாலும் சுற்றுலா விசாக்காரர் கதவைத் தட்டிப் பேச வேண்டாம், கூட நடந்தால் போதும் என்பேன்.

எல்லா வீட்டுக்கும் போகமாட்டார்கள். கைபேசிச் செயலியில் பட்டியல் இருக்கும்: பெயர், வயது, சில மாநிலங்களில் எந்தக் கட்சியில் பதிந்திருக்கிறார் என்பது வரை. இரண்டு வீட்டைத் தாண்டி மூன்றாவது வீடு, அப்புறம் தெருவின் அந்தக் கோடி. பாதிக்கு மேல் கதவு திறக்காது. துண்டறிக்கையைக் கதவுப் பிடியில் செருகுவார்கள். தபால் பெட்டியில் போட்டால் சட்ட விரோதம், அஞ்சல்தலை ஒட்டிய தபாலுக்கு மட்டுமே அந்தப் பெட்டி. நீங்களும் உதவுகிறேன் என்று அதைத் திறந்துவிடாதீர்கள்.

அறைக்குத் திரும்பியதும் டிவி விளம்பரங்களைக் காது கொடுத்துக் கேளுங்கள். வேட்பாளரே தன் குரலில், இந்தச் செய்தியை நான் அங்கீகரிக்கிறேன் என்று சொன்னால் அது அவரது பிரசாரக் காசு. 2002-ல் வந்த சட்டம் அப்படிச் சொல்ல வைக்கிறது. அவர் குரல் இல்லையென்றால் பெரும்பாலும் வெளியிலிருந்து ஏதோ ஒரு குழு பணம் போட்டிருக்கிறது. படு மோசமாகத் திட்டுவது எது என்று கவனித்தால் உங்களுக்கே புரியும்.

வாக்குப்பதிவு நாளும் அதற்குப் பிறகும்

நம் ஊர் மாதிரி 48 மணி நேரத்துக்கு முன்பே பிரசாரம் ஓயாது. கடைசி நிமிடம் வரை நடக்கும். வாக்குச்சாவடிக்கு எவ்வளவு அருகில் ஓட்டுக் கேட்கலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு: நியூயார்க்கில் 100 அடி தள்ளி, பென்சில்வேனியாவில் 10 அடியே போதும். நாடு முழுவதற்கும் ஒரே தேர்தல் ஆணையம் நடத்துவதில்லை, மாநிலமும் மாவட்டமும் தங்கள் தங்கள் வழியில் நடத்துகின்றன. ஆகவே உள்ளே எட்டிப் பார்க்கவோ படம் எடுக்கவோ வேண்டுமென்றால் வாசலில் இருப்பவரை முதலில் கேளுங்கள். தீயணைப்பு நிலையம், தேவாலயம், நூலகம் எல்லாம் சாவடியாக இருக்கும். வெளியே ஓட்டுக் கேட்பவர்கள் எதிரெதிர்க் கட்சியாக இருந்தும் ஒரே பெட்டி டோனட்டைப் பகிர்ந்து தின்றுகொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஊர் திரும்பும் விமானத்தை மறுநாளுக்குப் போடாதீர்கள், ஒரு வாரம் இடைவெளி விடுங்கள். பென்சில்வேனியாவில் தபால் ஓட்டுகளின் உறையைத் தேர்தல் நாள் காலை ஏழு மணிக்கு முன்னால் பிரிக்கவே கூடாது, அதனால் நெருக்கமான போட்டியில் எண்ணிக்கை இழுக்கும். 2020-ல் செவ்வாய்க்கிழமை ஓட்டுப் பதிவு, முடிவு தெரிந்தது சனிக்கிழமை பகலில். பிலடெல்பியாவில் வாக்கு எண்ணிக்கை நடந்த கட்டடத்துக்கு வெளியே நாள் கணக்கில் ஜனங்கள் ஆடிக்கொண்டும் கத்திக்கொண்டும் இருந்தார்கள். புதன்கிழமை விமானம் ஏறியவர்கள் அதையெல்லாம் வீட்டு டிவியில்தான் பார்த்தார்கள்.